நாக்கில் கரையும் மாத்திரை: நம் கடற்கரை ஊர்களில் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மருந்துக் கடையில் நிற்கும் மருந்தாளுநர் நான். தண்ணீர் இல்லாமல் வாயிலேயே கரையும் மாத்திரைகளைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதையும், கேட்காமல் போய்த் தவறாகப் பயன்படுத்துவதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையின் வடிவத்தைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

நாக்கில் கரையும் மாத்திரை என்றால் என்ன?

நாக்கின் மேல் வைத்ததும் எச்சிலை உறிஞ்சி, கொஞ்ச நேரத்தில் மணல் மணலாகக் குழைந்துவிடும் மாத்திரை. குழைந்ததை எச்சிலோடு விழுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இந்த வகை மாத்திரை ஏறக்குறைய 30 விநாடிக்குள் உடைய வேண்டும், எடையும் 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய மருந்து நூல் 3 நிமிடம் வரை அனுமதிக்கிறது.

அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் எம்.டி. அல்லது ஓ.டி.டி. என்று இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. வெறும் ஓ.டி. என்றால் அது வேறு. ஒரு நாளைக்கு ஒரு தடவை போட வேண்டிய மாத்திரை என்று பொருள். அப்படிப்பட்ட பல மாத்திரைகள் வயிற்றில் மெதுவாகக் கரைவதற்கென்றே செய்தவை. இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுச் சப்பக் கூடாது.

வாயில் சீக்கிரம் கரைந்தால் வலியும் சீக்கிரம் நின்றுவிடுமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலான மருந்துகளில் அது உண்மை இல்லை. வாயில் நடப்பது மாத்திரை உடைவது மட்டும்தான். மருந்து எச்சிலோடு வயிற்றுக்கு இறங்கி, குடலுக்குப் போய், அங்கிருந்துதான் ரத்தத்தில் சேர்கிறது. சாதாரண மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாலும் இதே பாதைதான்.

ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ரைசாட்ரிப்டானைப் பாருங்கள். சாதாரண மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட 1 முதல் 1.5 மணி நேரம் ஆகிறது. வாயில் கரையும் மாத்திரையாகப் போட்டால் 1.6 முதல் 2.5 மணி நேரம். அதாவது கரையும் மாத்திரைதான் தாமதம். ஆனாலும் தலைவலியோடு குமட்டலும் சேர்ந்து, ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனாலே வெளியே வந்துவிடும் என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த மாத்திரை பெரிய உதவி. வேகம் வேறு, வசதி வேறு. இந்த மாத்திரை முக்கியமாகத் தருவது வசதியை.

விதிவிலக்கும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான செலிஜிலின் மருந்தை வாயின் சவ்விலேயே உறிஞ்சும்படி செய்திருக்கிறார்கள். அது கல்லீரலைத் தாண்டி நேரே ரத்தத்துக்குப் போவதால், 10 மில்லிகிராம் விழுங்கி வரும் அளவை 1.25 மில்லிகிராமிலேயே எட்டிவிடுகிறது. அதனால்தான் "இரண்டும் ஒரே மருந்துதானே" என்று அளவை நாமாகக் கணக்குப் போடக் கூடாது என்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்று இன்னொன்றை எடுத்து வாயில் போடாதீர்கள். அப்படித்தான் அதிக அளவு உள்ளே போய்விடும்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைப்பார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. இதில் குழப்பமே இருக்கக் கூடாது. ஐசோசார்பைடு டைநைட்ரேட் போன்ற மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து அப்படியே விட வேண்டும், விழுங்கக் கூடாது. அங்கிருக்கும் மெல்லிய சவ்வு வழியாக மருந்து ரத்தத்தில் ஏறும். விழுங்கினால் பாதிக்கு மேல் கல்லீரலிலேயே வீணாகும், வலி குறையவும் நேரம் பிடிக்கும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ஆண்மைக்குறைவுக்கு சில்டெனாஃபில் மாதிரி மருந்து எடுத்திருந்தால் இதை வைக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து. டாக்டரிடமும் கடைக்காரரிடமும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

நெஞ்சுவலி என்றால் மாத்திரையை வைத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கரைக்குத் தூரத்தில் இருந்தால் படகைத் திருப்புங்கள்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்குக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், தண்ணீரில் போட்டால் கரைகிறது. அது?

அது துத்தநாக மாத்திரை. ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீரோ தாய்ப்பாலோ விட்டுக் கரைத்துக் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-ல் சேர்ந்து பரிந்துரைத்தது. நம் நாட்டில் 6 மாதத்துக்கு மேல் 5 வயது வரை தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம், 14 நாள். வயிற்றுப்போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். நின்றதும் மாத்திரையைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவது நம் ஊர்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

கூடவே கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் கிணற்றிலும் குழாயிலும் பல இடங்களில் உவர்நீர்தான். அந்தத் தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்தால் உப்பு அளவுக்கு மீறிப் போய்விடும், குழந்தைக்கு அது நல்லதல்ல. சமையலுக்கும் குடிக்கவும் வைத்திருக்கும் நல்ல தண்ணீரில், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுக்குத்தான் கரைக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் தரும் குடற்புழு மாத்திரை, அதாவது அல்பெண்டசோல், மென்று விழுங்குவது. சின்னக் குழந்தைக்குப் பொடித்துக் கொடுக்க வேண்டும். முழு மாத்திரை தொண்டையில் சிக்கிவிடும்.

முதல் தடவை கடலுக்குப் போகிறான். வாந்தி வராமல் இருக்க நாக்கில் வைக்கும் மாத்திரை கொடுங்கள் என்கிறார்களே?

வாயில் கரையும் வாந்தி மாத்திரை என்று நம் கடைகளில் அதிகம் கேட்டு வாங்குவது ஒண்டான்செட்ரான். புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாந்திக்கும், அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்கும், டாக்டர் பார்த்துச் சொன்னால் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் அது நல்ல மருந்து. ஆனால் அலையில் படகு ஆடுவதால் வரும் குமட்டலுக்கு அது பெரிதாக உதவாது. அந்தக் குமட்டல் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பில் தொடங்குகிறது. ஒண்டான்செட்ரான் வேலை செய்யும் பாதை வேறு.

கடல் குமட்டலுக்குப் பலன் தருபவை புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், சின்னரிசின் போன்றவை. இவற்றைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் அதிகப் பயனில்லை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். இவற்றில் பல சாதாரண விழுங்கும் மாத்திரைகள்தான். கரையிலேயே தண்ணீரோடு போட்டுக்கொள்ளப் போவதால், வாயில் கரைய வேண்டும் என்ற தேவையே இங்கே இல்லை.

இன்னொன்று, இவை தூக்கத்தைக் கொண்டுவரும். ஸ்டியரிங் பிடிப்பவரும், விசைப்படகில் வலை இழுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. கயிறு ஓடும் இடத்தில் அரைத் தூக்கத்தில் நிற்கும் ஆளுக்கு என்ன ஆகும் என்று படகில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மது குடித்துவிட்டு இதைப் போடுவது இன்னும் மோசம். ராமேஸ்வரம் சுற்றிப் பார்க்க வந்து படகு சவாரி போகிற குடும்பங்களுக்கும் இதே பதில்தான். குழந்தைக்கு என்றால் வயது சொல்லாமல் கேட்காதீர்கள், 2 வயதுக்குக் கீழே புரோமெத்தசின் கூடவே கூடாது.

படகில் எடுத்துப் போகலாமா? வீட்டில் எங்கே வைப்பது?

நம் காற்றில் இந்த மாத்திரைக்கு எதிரி ஈரம். எச்சில் பட்டதும் உடைய வேண்டும் என்று செய்த பொருள், காற்றில் இருக்கும் ஈரத்தையும் விடாது. அட்டையில் ஒரு குழி திறந்துவிட்டால் ஓரம் உப்பி, மேல்பக்கம் சொரசொரப்பாகி, தொட்டால் உதிரும். அப்படி ஆனதைப் போடாதீர்கள்.

கடைக்காரர் கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது கவனியுங்கள். குழியின் ஓரத்தை ஒட்டி வெட்டினால் மேல் தாள் பிரிந்துவிடும். கொஞ்சம் இடம் விட்டு வெட்டச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் தெரியும் துண்டாக வாங்குவது இன்னும் நல்லது. மாத்திரையை மட்டும் பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தரச் சொல்லாதீர்கள்.

படகில் என்றால் இறுக்கமாக மூடும் சின்ன பிளாஸ்டிக் டப்பா. அட்டையோடு உள்ளே வைத்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம். வெளியே எடுக்கும்போதெல்லாம் வியர்த்து நீர் கோக்கும். வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இதே காரணம். அடுப்பு மேடைக்கு மேலே இருக்கும் அலமாரியும் வேண்டாம்.

எப்படிப் போடுவது?

கையைத் துடைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். மீன் ஐஸைத் தொட்ட கை, உப்புத் தண்ணீர்க் கை என்றால் மாத்திரை விரலிலேயே கரைந்து ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத் தாளை உரிக்கும்படி ஒரு முனை விட்டிருந்தால் உரியுங்கள், அழுத்திப் பிதுக்கினால் பொடியாகிவிடும். எடுத்ததும் உடனே நாக்கில் வையுங்கள்.

வாயில் வெற்றிலையோ புகையிலையோ இருந்தால் துப்பி, கொப்பளித்துவிட்டுத்தான். வாய் வறண்டவர்கள் முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்து நாக்கை நனைத்துக்கொள்ளலாம். வயதானவர்களுக்கும், மனநல மருந்து எடுப்பவர்களுக்கும் எச்சில் குறைவாக இருக்கும், அவர்களுக்கு 30 விநாடியில் கரையாவிட்டால் பயப்பட வேண்டாம். பிறகு தண்ணீர் குடிப்பதிலும் தவறில்லை.

இது எப்படி இவ்வளவு வேகமாக உடைகிறது? உள்ளே என்னதான் போடுகிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, மருந்துக் கரைசலைக் குழியில் ஊற்றி உறையவைத்து, வெற்றிடத்தில் ஐஸை அப்படியே ஆவியாக்குவது. நீர் இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாகிவிடும். 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோராடடின் ஒவ்வாமை மாத்திரை இப்படிச் செய்ததுதான். தொட்டால் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். செலவு அதிகம்.

மற்றொன்று, சாதாரண மாத்திரை போலவே பொடியை அழுத்திச் செய்வது. அதில் கிராஸ்போவிடோன், கிராஸ்கார்மெல்லோஸ் சோடியம், சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் என்ற பொருள்களில் ஒன்றைச் சேர்ப்பார்கள். இவை தண்ணீர் பட்டதும் அதை உள்ளே இழுத்து உப்பி, மாத்திரையை உள்ளிருந்தே தள்ளி உடைத்துவிடும். ரொம்ப அழுத்தினால் தண்ணீர் உள்ளே போகாது, லேசாக அழுத்தினால் அட்டையிலேயே உதிரும். அந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைப் பிடிப்பதில்தான் தொழிற்சாலையின் திறமை இருக்கிறது. பொடியோடு சூடத்தைக் கலந்து மாத்திரையாக்கி, பிறகு சூட்டிலும் வெற்றிடத்திலும் சூடத்தை ஆவியாக்கி ஓட்டை உண்டாக்கும் முறையையும் ஆராய்ச்சியில் செய்து பார்த்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் சூடத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது, சின்னக் குழந்தைக்கு வலிப்பே வந்துவிடும்.

வாயில் வைத்ததும் ஒரு குளுமையும் லேசான இனிப்பும் தெரியும். அது மானிட்டால். கரையும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அந்தக் குளுமை. காற்றின் ஈரத்தை அதிகம் இழுக்காது என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். இந்த மானிட்டால் பழுப்புக் கடற்பாசியில் இயற்கையாகவே இருக்கிறது. சீனாவில் பாசியிலிருந்தே அதை எடுக்கும் தொழில் உண்டு. நம் கரையில் அக்காமார் முக்குளித்து எடுக்கும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் பழுப்புப் பாசி வகைதான். இங்கே அவற்றை முக்கியமாக ஆல்ஜினேட் என்ற கோந்து போன்ற பொருளுக்காக வாங்குகிறார்கள். அதன் அமில வடிவமான ஆல்ஜினிக் அமிலமும் மாத்திரையை உடையவைக்கும் பொருளாக மருந்துத் தொழிலில் பல காலமாகப் பயன்படுகிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் கிளை கடற்பாசிகளைத்தான் ஆராய்கிறது. கண்ணில் கண்ணாடி கட்டிக்கொண்டு, பாறையில் காலைக் கீறிக்கொண்டு அந்தப் பெண்கள் எடுத்துவரும் பாசிக்குக் கிடைக்கும் விலையையும், அதே வகைப் பொருள் மாத்திரைக்குள் போகும்போது இருக்கும் மதிப்பையும் நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதில் ஜெலட்டின் இருக்குமா?

உறையவைத்து உலர்த்திச் செய்யும் வகையில் பெரும்பாலும் இருக்கும். மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். பொடியை அழுத்திச் செய்யும் வகைக்குப் பொதுவாக ஜெலட்டின் தேவைப்படாது. மார்க்கத்தின்படியோ சைவ வழக்கத்தின்படியோ தெரிந்துகொள்ள விரும்பினால் கடையில் கேளுங்கள். அட்டையைப் பார்த்தோ கம்பெனியிடம் விசாரித்தோ சொல்லலாம்.

நோன்பு வைத்திருக்கும்போது தண்ணீர் இல்லாமல்தானே போடுகிறோம், போடலாமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கமெல்லாம் ரமலானில் தவறாமல் வரும் கேள்வி. மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை, உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். அவரிடம் சொல்ல வேண்டிய மருத்துவ உண்மை இதுதான்: தண்ணீர் இல்லாவிட்டாலும், கரைந்த மாத்திரை எச்சிலோடு தொண்டையில் இறங்கி வயிற்றுக்குப் போகிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை அப்படி அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

பல மருந்துகளை சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றிக்கொள்ள முடியும். ரமலான் தொடங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை மருந்தையும் வலிப்பு மருந்தையும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து விழுங்க முடியவில்லை. எல்லா மாத்திரையையும் பொடித்துக் கொடுக்கிறோம். சரியா?

நிறுத்துங்கள், முதலில் கடைக்கு அட்டைகளைக் கொண்டுவாருங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ரிடார்ட் என்று இருந்தால் அது மணிக்கணக்கில் மெல்ல மெல்ல மருந்தை விடுவது. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். நிஃபெடிபைன் ரிடார்டைப் பொடித்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். பேன்டோபிரசோலுக்கு மேல் பூச்சு இருக்கிறது. அது உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும்.

இந்த மாதிரி நோயாளிகளுக்கு நாக்கில் கரையும் மாத்திரை உண்மையிலேயே வரம். ஆனால் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் இருமுபவருக்கு இதுவும் நுரையீரலுக்குள் போகலாம். விழுங்கும் திறனை டாக்டரோ விழுங்கப் பயிற்சி தருபவரோ ஒரு தடவை சோதிக்க வேண்டும். குழாய் வழியாக உணவு போகிறவருக்கு எதைக் கரைத்து விடலாம் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். படுக்கவைத்து வாயில் எதையும் வைக்காதீர்கள், நன்றாக உட்காரவைத்துத்தான்.

மனநல மருந்தைத் துப்பிவிடுகிறார். வாயில் கரைவதைத் தெரியாமல் கொடுக்கலாமா?

ஓலான்சபின் போன்ற சில மருந்துகள் வாயில் கரையும் வடிவில் வருகின்றன. கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்புவது இதில் கடினம். அதற்காகவே டாக்டர்கள் எழுதுவதும் உண்டு. ஆனால் அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலப்பது வேறு விஷயம். ஒரு நாள் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவார். டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். மாதம் ஒரு ஊசி போன்ற வேறு வழிகளும் இருக்கின்றன.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநல நோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். இன்று தர்காவுக்கு வருகிறவர்கள் அங்கேயே மனநல டாக்டரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் ஏற்பாடு இருக்கிறது. துவாவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும்.

வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது வாயில் வைக்கலாமா?

கூடாது. குளோனசெபாம் வாயில் கரையும் மாத்திரையாக இருந்தாலும், வலிப்பு நடக்கும்போது வாயைத் திறந்து எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. அந்த நேரத்துக்கென்று மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே இருக்கிறது, தேவையா என்று டாக்டரைக் கேட்டு முன்பே வாங்கி வையுங்கள்.

சர்க்கரை நோய்க்காரர் போடலாமா? இனிக்கிறதே?

போடலாம். இனிப்பு மானிட்டாலாலும் அஸ்பார்டேமாலும் வருவது, இருக்கும் அளவும் மிகக் குறைவு. பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற குறை உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேம் இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும். இனிப்பு சர்க்கரையிலிருந்து வராததால், உடம்பில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும்போது இந்த மாத்திரையின் இனிப்பு எதற்கும் உதவாது. அப்போது சர்க்கரைதான் வேண்டும்.

குழந்தை இருக்கும் வீட்டில்?

எனக்கு அதிகம் பயம் இங்கேதான். கசக்கும் மாத்திரையைக் குழந்தை துப்பிவிடும். இது இனிக்கும், ஆரஞ்சோ ஸ்ட்ராபெர்ரியோ மணக்கும், துப்புவதற்குள் கரைந்தும் போய்விடும். "மிட்டாய்" என்று சொல்லிப் பிள்ளைக்கு மருந்து ஊட்டாதீர்கள். தாத்தாவின் தலையணைக்கு அடியில் அட்டையை வைக்காதீர்கள். தெரியாமல் போட்டுவிட்டது என்றால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை குழி காலி என்பதைப் பார்த்துத்தான் அங்கே சிகிச்சை தீர்மானிப்பார்கள்.

சீட்டில் சாதாரண மாத்திரை எழுதியிருக்கிறது. நானே கரையும் மாத்திரையாக மாற்றி வாங்கலாமா?

கேட்டுவிட்டு மாற்றுங்கள். பல மருந்துகளில் அளவு ஒன்றேதான், டாக்டர் சரி என்றுவிடுவார். செலிஜிலின் மாதிரி சிலவற்றில் அளவே மாறும். சில மருந்துகள் இந்த வடிவில் வருவதே இல்லை. விலையும் பொதுவாகக் கூடுதல். நன்றாக விழுங்க முடிகிறவர், கையில் தண்ணீர் இருக்கிறவர், அந்தக் கூடுதல் காசைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் சாதாரண மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. விழுங்க முடியாதவர், வாந்தி நிற்காதவர், கடலில் நாள் கணக்கில் இருப்பவர் என்றால் சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அந்த மருந்து கரையும் வடிவில் இருந்தால் அவரே அப்படி எழுதித் தருவார்.